இல்லாத மாட்டுக்கு வைத்தியம்

"எந்தக் காம்பு வெடிச்சிருக்குது?" என்று கேட்டார் கோபால்சாமி.

"ரெண்டும்" என்றான் தீர்த்தகிரி.

"நாலுல ரெண்டா?"

மாட்டுக்கு நாலு காம்பு என்பது தீர்த்தகிரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மருந்தகத்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க. நாலுல ரெண்டு. மத்த ரெண்டும் நல்லா கீது."

கோபால்சாமி அந்தக் கால்நடை மருந்தகத்தின் உதவியாளர். டாக்டர் எப்போதாவதுதான் மலையேறி வருவார். மற்ற நாட்களில் ஊசி, மருந்து, யோசனை எல்லாம் இவர்தான். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுத் தீர்த்தகிரியைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. சட்டையில் பால் வாடை அடித்தது. துண்டு என்று நினைத்து அவன் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தது பிள்ளையின் ஈரத் துணி.

"தலையீத்தா?"

"மொத கன்னுங்க. பொட்டக் கன்னு."

"ம்" என்றார் கோபால்சாமி. அதற்கு மேல் மாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

தீர்த்தகிரிக்கு மாடு கிடையாது. இரண்டு கோழியும், சோறு வைக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து போகிற ஒரு நாயும்தான் உண்டு. வலி அவன் பெண்டாட்டி கல்பனாவுக்கு. பிள்ளை வாய் வைத்தாலே உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மார்க்காம்பு இரண்டும் வெடித்து, சட்டை பட்டால்கூட எரிகிறது என்று அவனிடம் மட்டும் சொன்னாள். வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. தலைப்பிரசவம் முடிந்த பெண் அம்மா வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். கல்பனா போகவில்லை. குடகுக் காப்பித் தோட்டத்திலேயே பாதி வயதைத் தொலைத்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று புருஷன் இப்போதுதான் ஊரோடு வந்து சேர்ந்திருக்கிறான். நானும் அவனோடுதான் இருப்பேன் என்று தாயிடம் மல்லுக்கு நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மலைக்கு வந்துவிட்டாள். அவளைப் பெற்ற பாஞ்சாலி மலையடிவாரத்து அமிர்தியில் இருந்துகொண்டு தினமும் போன் பண்ணிப் பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்பாள். குடிக்கிறது என்று இவள் சொல்லும்போதே பின்னால் பிள்ளை கத்துவது அங்கே கேட்கும்.

கடைசியில் பாஞ்சாலி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வர்றேன். கொழந்த இளச்சிருந்தா ரெண்டு பேரையும் கையோட கூட்டினு வந்துருவேன். இங்க டின்னு பாலு கீது, பாத்துக்க நான் கீறேன்."

அப்படிக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் வெறும் வீட்டில் தீர்த்தகிரிக்கு என்ன வேலை? மறுபடியும் குடகுதான். மகள் முகம் பார்த்துச் சிரிக்கப் பழகும்போது அவன் எங்கோ காப்பிச் செடிக்குக் குழி தோண்டிக்கொண்டிருப்பான்.

பிரசவமான வீடுகளுக்கு வந்து பார்க்கிற நர்சம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து பார்த்த அன்றைக்கே, எல்லாம் நல்லா இருக்கிறது என்று கல்பனா சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டாள். தீர்த்தகிரி அப்போது விறகுக்குப் போயிருந்தான், அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவன் போய்ப் பெண்பிள்ளையிடம் அந்தப் பேச்சை எந்த வாயால் எடுப்பது? மாட்டு மடியைப் பற்றிச் சந்தைக்கு நடுவில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். போகிற வருகிற பெண்கள்கூட நின்று தங்கள் பங்குக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். பெண்டாட்டியின் மார்பு என்று ஆரம்பித்தால் கேட்கிறவனும் ஓடிவிடுவான், சொல்கிறவனும் ஓடிவிடுவான்.

அதனால்தான் மாடு.

கோபால்சாமி வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்று யாருக்கோ போன் பண்ணினார். பெரிய டாக்டரிடம் கேட்கிறார் என்று தீர்த்தகிரி நினைத்துக்கொண்டான். திரும்பி வந்தவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சோப்பு போடக் கூடாது. வெறும் தண்ணியில கழுவுனா போதும். கன்னு குடிச்சு முடிச்சதும் அந்தப் பால்லயே ரெண்டு சொட்டு எடுத்துக் காம்புல தடவிக் காத்தாட வுடணும். இன்னா?"

"சரிங்க."

"கன்னு வெறும் காம்ப மட்டும் கவ்வுனா வெடிக்கத்தான் செய்யும். வாய நல்லா அகலமா தொறக்குற வரிக்கும் காத்திருந்து, காம்பச் சுத்தி கீற கறுப்பும் சேந்து வாய்க்குள்ள போற மாதிரி குடுக்கணும். கன்னு வயிறு தாய் வயித்தோட ஒட்டியிருக்கணும். எடுக்கசொல்லோ வெடுக்குனு இழுக்காத. வாயோரத்துல சுண்டுவெரல வுட்டு மெதுவா எடு."

தீர்த்தகிரி தலையாட்டிக்கொண்டே கேட்டான். ஆனால் மனசுக்குள் ஒரு கன்றுக்குட்டி பின்னங்காலில் எழுந்து நின்று தாய்மாட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பாவம், இந்த மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வரும்போது, கேட்டதையெல்லாம் மனசுக்குள் சல்லடை போட்டு நிதானமாகச் சலித்தான். மாட்டு வைத்தியத்தை அப்படியே மனுஷிக்குச் செய்ய முடியுமா? யோசித்துத்தானே மாற்ற வேண்டும். மாட்டுக்குச் சோப்பு கூடாது என்றால், அது மாடு. மனுஷிக்குச் சுத்தம் வேண்டும். பாலைத் தடவிக் காற்றாட விடு என்கிறார். மாடு துணி உடுத்தாத பிராணி, அதற்குச் சரி. மனுஷிக்கு இறுக்கக் கட்டினால்தான் புண் ஆறும். வயிறும் வயிறும் ஒட்டுகிற சமாசாரத்தை மூளையில்கூட ஏற்றிக்கொள்ளவில்லை.

கடையில் இறங்கி நல்ல வாசனைச் சோப்பாக ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

கல்பனா ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவன் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுக்க, இறுக்கக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் காய்ந்துபோய், இருந்த வெடிப்புக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்று வந்திருந்தது.

"யார்கிட்ட கேட்டு வந்த மாமா?" என்றாள் கல்பனா. அவள் கோபப்பட்டிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"பெரிய எடத்துலதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மருந்தகத்துக்குப் போனான்.

கோபால்சாமி ஓர் ஆட்டின் வாயைத் திறந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாடு எப்பிடி கீது?"

"இன்னும் மோசமாய்ட்டுதுங்க."

"சோப்பு போட்டியா?"

"மாட்டுக்கு யாருங்க சோப்பு போடுவாங்க" என்று தரையைப் பார்த்துச் சிரித்தான் தீர்த்தகிரி.

கோபால்சாமி சிரிக்கவில்லை. ஆட்டை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் புளியமரத்தடிக்குப் போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். இந்தத் தடவை இன்னும் விவரமாகச் சொன்னார். கன்று கத்துகிற வரைக்கும் பட்டினி போடக் கூடாது. கையைச் சப்ப ஆரம்பித்ததுமே விட்டுவிட வேண்டும். பசி முற்றினால் வெறி பிடித்த மாதிரி கவ்வும். வலி குறைவாக இருக்கிற பக்கத்தில் முதலில் கொடுக்க வேண்டும். பின்னந்தலையைப் பிடித்து அழுத்தவே கூடாது. கழுத்துக்கும் தோளுக்கும் கை கொடுத்து, முழு உடம்பையும் தாய்ப் பக்கம் கொண்டுவர வேண்டும். தாய் கன்றைப் பார்த்துக் குனியக் கூடாது.

"அப்பால, முதுகுக்குத் தலகாணி வெச்சு மாட்ட நல்லா சாஞ்சு ஒக்கார வை. ஒடம்பு தளர்ந்து இருக்கணும்."

தலகாணி என்ற இடத்தில் தீர்த்தகிரிக்கு வாய் வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறவன் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று அதை விழுங்கிக்கொண்டான். இந்தக் காலத்தில் மாடுகளுக்கு எல்லா வசதியும் செய்துகொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

வழியில் மறுபடியும் சல்லடை வேலை நடந்தது. கன்று கையைச் சப்புமாம். கன்றுக்கு ஏது கை? இந்த மனுஷன் பேச்சில் பாதி உளறல் என்று முடிவு கட்டினான். கறக்கிறவர்கள் கன்றைப் பிடித்துத் தள்ளிக் கட்டுவதைத்தான் அவன் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். கன்றைத் தள்ளிக் கட்டினால் தாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், புண்ணும் ஆறும். இது நியாயமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு சாமைக் கொல்லைப் பக்கம் போனான். பிள்ளை முதலில் கையைச் சப்பியது. சும்மா விளையாடுகிறது என்று அவன் கொஞ்சினான். பிறகு நெளிந்தது. பிறகு முகம் சிவக்கக் கத்த ஆரம்பித்தது. அவன் காவலூர் மலை மேல் வெள்ளையாகத் தெரிகிற நட்சத்திரம் பார்க்கிற பங்களாவின் உருண்டைக் கூண்டைக் காட்டினான், மைனாவைக் காட்டினான், ஆட்டுக்குட்டியைக் காட்டினான். பிள்ளை எதையும் பார்ப்பதாக இல்லை.

வீட்டில் கல்பனாவுக்கு மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாகிவிட்டன. பிள்ளை வந்து வெறியோடு பாய்ந்தது. இறுகிப்போன மார்பில் அதற்குக் காம்பின் நுனி மட்டும்தான் அகப்பட்டது. கல்பனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தீர்த்தகிரி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். கன்றுக்குக் கழுத்தில் வலு உண்டு, அதனால் தலையை அழுத்த வேண்டாம்; பிள்ளைக்கு வலு ஏது, நாம்தானே அழுத்த வேண்டும் என்று நினைத்து, பின்னந்தலையைப் பிடித்து மார்போடு வைத்து அழுத்தினான். பிள்ளை மூச்சு முட்டி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, வாயில் இருந்ததை விடாமலே பின்னால் இழுத்தது.

கல்பனா சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். "எங்கம்மாவுக்கு போன் போடு மாமா" என்றாள். "டின்னு பாலே குடிக்கட்டும். புள்ளயாவது பசியாறட்டும்."

தீர்த்தகிரி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். பாஞ்சாலியின் எண்ணை அவன் விரல் அழுத்தவில்லை. மருந்தகத்து எண்ணை அழுத்தியது.

"சார், மாடு தாங்காதுங்க. ஒரு தபா நேர்ல வந்து பாருங்க" என்று சொல்லியும் விட்டான்.

"சனிக்கெழம காலைல வர்றேன்" என்றார் கோபால்சாமி.

போனை வைத்த பிறகுதான் மாட்டுக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது.

நாலு வீடு தள்ளி முனியம்மா இருந்தாள். அவளிடம் ஒரு வெள்ளை மாடு உண்டு. சனிக்கிழமை விடிந்ததும் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். என்ன காரணம் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து மூன்று பொய் தயாராக வைத்திருந்தான். ஒன்றும் தேவைப்படவில்லை. "அக்கா, மாட்ட ஒரு அர நாளு..." என்று இழுத்ததுமே முனியம்மா கட்டுத்தறியிலிருந்து கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பெருக்கப் போய்விட்டாள். இந்த ஊரில் இவ்வளவு நல்ல மனசுக்காரியா என்று அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

மாட்டைத் தன் வீட்டுக்குப் பின்னால் கட்டி, முன்னால் புல் போட்டான். அப்போதுதான் குனிந்து மடியைப் பார்த்தான். அது வற்றிப்போய், காலியான சுருக்குப் பை போலத் தொங்கியது. காம்பு நாலும் ஒரு கீறல்கூட இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. கன்று என்று எதுவும் பக்கத்தில் இல்லை.

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கோபால்சாமிக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வூட்டம்மா, புவனா. நர்சா கீறாங்க" என்றார் கோபால்சாமி. "இந்தப் பக்கம்தான் போவணும்னாங்க, ஏத்தினு வந்தேன்."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே புவனா வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே கல்பனா இருக்கிற கோலம் தீர்த்தகிரிக்குத்தான் தெரியும். ஓடிப் போய்த் தடுக்கலாம் என்று பார்த்தால், கோபால்சாமி மாட்டுக் கயிற்றை அவன் கையில் திணித்தார்.

"கெட்டியா புடி. வுட்டன்னா ஒதைக்கும்."

அந்த மாடு எழுந்து நிற்பதற்கே சோம்பல்படுகிற மாடு. தீர்த்தகிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கோபால்சாமி மாட்டின் காதைப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், விலாவில் காதை வைத்துக் கேட்டார். மடியைத் தவிர எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். கடைசியில் மடிக்கு வந்தார்.

"கன்னு எங்கப்பா?"

"மேய்ச்சலுக்குப் போயிருக்குதுங்க."

"பொறந்து மாசம்கூட ஆவாத கன்னு?"

"சுறுசுறுப்பான கன்னுங்க."

"மடி வத்திப் போயிருக்குதே."

"காலைல... நல்லா கறந்துட்டோமுங்க."

கோபால்சாமி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் மாட்டின் பல்லைப் பார்க்கப் போனார்.

மண்சுவருக்கு அந்தப் பக்கம் புவனாவின் குரல் கேட்டது. சோப்பை யார் வாங்கி வந்தது என்று கேட்டார். கல்பனா சொன்ன பதில் கேட்கவில்லை. கொஞ்சம் கையால் பீய்ச்சி விட்டு மார்பை இளக்கிக்கொள்ளச் சொன்னார். பிறகு, "நல்லா சாஞ்சு ஒக்காரும்மா, முதுகுக்குத் தலகாணி வை" என்றார். "புள்ள வயிறு ஒன் வயித்தோட ஒட்டட்டும். அவசரப்படாத. மூக்குக்கு நேரா காம்பு இருக்கட்டும். வாய அகலமா தொறக்குறா பாரு, இப்ப அவள ஒன் பக்கம் கொண்டா. நீ குனியாத."

தீர்த்தகிரி கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். ஒவ்வொரு சொல்லையும் அவன் முன்பே கேட்டிருக்கிறான். நர்சுகளுக்கும் மாட்டு டாக்டர்கள்தான் பாடம் எடுக்கிறார்கள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது. சத்தமே இல்லை.

"மாமா, இங்க வந்து பாரேன்" என்று கல்பனா கூப்பிட்டாள்.

கயிற்றைக் கோபால்சாமி கையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். கல்பனா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். பிள்ளை அவள் மேல் வயிற்றோடு வயிறு ஒட்டிப் படுத்திருந்தது. முகவாய் மார்பில் புதைந்து, கன்னம் இரண்டும் உப்பி, கீழுதடு வெளியே மடிந்திருக்க, க்ளுக் க்ளுக் என்று விழுங்கிக்கொண்டிருந்தது. கல்பனா உதட்டைக் கடிக்கவில்லை. பல நாட்களாக ஏறியே இருந்த அவள் தோள்கள் இறங்கியிருந்தன.

"வலிக்கலயா?"

"மொதல்ல சுருக்குனுது. இப்ப இல்ல."

வெடிப்பு ஆறக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்று புவனா சொன்னார். பால் தடவிக் காற்றாட விட்டால் போதும், சோப்பு வேண்டாம், காய்ச்சல் வந்தாலோ மார்பு சிவந்து கட்டினாலோ உடனே தனக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். நடு நடுவே தீர்த்தகிரியையும் பார்த்துக்கொண்டார். அவன் சோப்பு டப்பாவைக் காலால் மெல்ல மூலைக்குத் தள்ளினான்.

ஸ்கூட்டர் கிளம்பும்போது கோபால்சாமி, "ஒன் மாட்டுக்கு இனி பயமில்ல. நல்லா பாத்துக்க" என்றார். தீர்த்தகிரி கையெடுத்துக் கும்பிட்டான். உள்ளே கல்பனா அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வந்து பேத்தியைப் பார்த்துவிட்டு, நாலு நாள் இருந்து, தனியாகத் திரும்பிப் போகும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தீர்த்தகிரிக்கு நடையே மாறிவிட்டது. மகள் மலையில்தான் இருக்கப்போகிறாள். அதைவிடப் பெரிய விஷயம், ஊரில் ஒரு ஈ காக்கைக்குக்கூட விஷயம் தெரியாது. நர்சம்மா தண்ணீர் குடிக்க வந்தது தெய்வச் செயல். மாடு என்று மாற்றிச் சொல்ல இந்த மலையில் வேறு எவனுக்குத் தோன்றியிருக்கும்?

அந்தப் பெருமையோடு மாட்டை ஓட்டிக்கொண்டு போய் முனியம்மா வீட்டுக் கட்டுத்தறியில் கட்டினான்.

"கோபால்சாமி சாரு டாக்டரு மாதிரியே நல்லா பாத்தாருக்கா" என்றான். "மாட்டுக்கு ஒரு கொறையும் இல்லியாம்."

முனியம்மா மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"கறவ நின்னு போன மாட்டுக்கு இன்னா கொற வரப் போவுது? இந்த மலைல எவன் வூட்ல தலச்சன் புள்ள பொறந்தாலும், பொண்டாட்டிக்கு மாரு வலின்னா இத்ததான இஸ்துகினு போய் அந்தாளுக்குக் காட்றீங்க."